சோடா உப்பும் யுரேனியமும்: ஒரு சுண்ணாம்புக் கல்லை அளந்த கதை

சாயப்பட்டறைக்குள்ள ஒரு தடவை போய்ட்டு வந்தவங்களுக்கு மூணு மூட்டை மறக்காது. சோடா ஆஷ், காஸ்டிக், கிளாபர் சால்ட். பருத்தித் துணியில சாயம் ஏறணும்னா உப்பு வேணும். ஏறின சாயம் நூலைப் பிடிச்சுக்கணும்னா சோடா வேணும். திருப்பூர்ல பொறந்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் புத்தகத்துல படிச்சுத் தெரிஞ்சுக்கற விஷயமே இல்லை.

இப்ப ஒரு கேள்வி. இதே மூணு சரக்கும் புழங்குற, ஆனா ஒரு மீட்டர் துணிகூட உள்ள போகாத ஆலை ஒண்ணு ஆந்திராவுல இருக்கு. என்ன ஆலைன்னு சொல்லுங்க பாப்போம்?

யுரேனியம் ஆலைங்க. கடப்பா மாவட்டத்துல, புலிவெந்துலாவுக்குப் பக்கத்துல தும்மலப்பள்ளின்னு ஒரு ஊர். அங்க சோடாவும் காஸ்டிக்கும் உள்ள போகுது. மஞ்சள் நிறத்துல யுரேனியப் பொடி வெளிய வருது. கூடவே பக்க விளைபொருளா சோடியம் சல்பேட் வருது. அதாவது நம்ம கிளாபர் சால்ட் எந்த உப்போ, அதே உப்பு.

நான் ஜியாலஜி படிச்சவன் இல்லை. இன்ஜினியரிங் முடிச்சுட்டு பொழுதன்னைக்கும் கோடு அடிக்கிற ஜாதி. ஆனா இந்தச் சோடா விஷயம் தெரிஞ்ச நாள்ல இருந்து மண்டைக்குள்ள ஒரே குடைச்சல். யுரேனியத்துக்கும் சோடாவுக்கும் என்ன உறவு? ஒரு சுண்ணாம்புப் பாறைக்குள்ள யுரேனியம் எவ்வளவு இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம்? தேடித் தேடிப் படிச்சதுல, இது 200 வருஷத்துக்கு மேல நீளுற கதைன்னு தெரிஞ்சுது. கடைசியில நம்ம ஊர் போர்வெல் வரைக்கும் வந்து நிக்குது. கொஞ்சம் நீளமான பதிவுதான். ஒரு டீ எடுத்துட்டு வந்து உக்காந்துக்குங்க.

கடல்ல கரைஞ்சவன் கல்லுக்குள்ள போன விதம்

முதல்ல கார்பனேட் பாறைன்னா என்னன்னு பார்த்துடலாம். சுண்ணாம்புக்கல், டோலமைட், பவளக்கல் எல்லாமே இந்தக் குடும்பம். நம்ம தோட்டத்துல குழி தோண்டினா வெள்ளை வெள்ளையா கட்டி கட்டியா வருமே சுக்கான்கல், அதுவும் இந்தச் சொந்தக்காரங்கதான். மேல அமிலத்தை ஊத்தினா புஸ்ஸுன்னு நுரைக்கும். உள்ள இருக்கிற கார்பன் டை ஆக்சைடு வெளிய போற சத்தம் அது.

யுரேனியத்துக்கு ரெண்டு முகம் உண்டு. ஆக்ஸிஜன் நல்லா கிடைக்கிற இடத்துல அது தண்ணியில கரையும். அந்தத் தண்ணியில கார்பனேட் இருந்துட்டா கேக்கவே வேண்டாம், ரெண்டும் கைகோத்துக்கிட்டு எவ்வளவு தூரம் வேணும்னாலும் போகும். ஆக்ஸிஜன் இல்லாத இடத்துக்கு வந்துட்டா அடுத்த முகம். கரையாம அங்கேயே படிஞ்சுடும்.

இந்த ஒரு குணத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. இனி வர்ற மொத்தக் கதையும் இதுலதான் ஓடுது.

கடல் தண்ணியில ஒரு டன்னுக்கு சுமார் 3 மில்லிகிராம் யுரேனியம் கரைஞ்சு கிடக்கு. சாதாரணச் சுண்ணாம்புக்கல்லுல பத்து லட்சத்துல 2 பங்கு அளவுக்கு இருக்கும். டன்னுக்கு 2 கிராம்னு வச்சுக்கலாம். அதனாலதான் ரொம்ப காலம் யுரேனியம் தேடுறவங்க சுண்ணாம்புப் பாறையைப் பெரிசா கண்டுக்கவே இல்லை. கார்பனேட் யுரேனியத்தைக் கரைச்சுக் கூட்டிட்டுப் போற ஆளாச்சே, சேத்து வைக்கிற ஆள் இல்லையேன்னு நினைச்சதுல நியாயம் இருக்கு.

ஒரு எண் ஒத்துவராம போனதுல பொறந்த ரேடியம்

1789-ல் பெர்லின்ல மார்ட்டின் கிளாப்ரோத் என்கிற வேதியியல்காரர், பிட்ச்பிளெண்ட் என்கிற கறுப்புக் கல்லை நைட்ரிக் அமிலத்துல கரைச்சு, அந்தக் கரைசல்ல காரத்தைச் சேர்த்தார். மஞ்சளா ஒரு வீழ்படிவு வந்துச்சு. புது உலோகம் ஒண்ணு இதுல இருக்குன்னு சொல்லி, அப்பத்தான் கண்டுபிடிச்சிருந்த யுரேனஸ் கிரகத்தோட பேரை வச்சார். தும்மலப்பள்ளி ஆலையில இன்னைக்கும் கடைசிக் கட்டத்துல நடக்கிறது கிட்டத்தட்ட இதுதான். கரைசல்ல காஸ்டிக் போடு, மஞ்சளா கீழ இறங்கும்.

அப்புறம் நூறு வருஷம் யுரேனியம்னா கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் கலர் குடுக்கிற சரக்கு, அவ்வளவுதான். 1896-ல் பெக்கரல் அதுல இருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர் வருதுன்னு கண்டுபிடிச்சார். எல்லாரும் அதைப் பார்த்து "ஓ, அப்படியா"ன்னு போனப்ப, ஒருத்தர் மட்டும் எண்ணிக்கை எடுக்க உக்காந்தார். மேரி கியூரி.

அவர் செஞ்சது ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு கனிமமா எடுத்து, எவ்வளவு கதிர் வருதுன்னு எலெக்ட்ரோமீட்டர்ல அளந்தார். கதிர் எவ்வளவோ, யுரேனியமும் அந்த அளவுக்கு இருக்கணும். ஆனா பிட்ச்பிளெண்ட் மட்டும் கணக்குல இடிக்குது. உள்ள இருக்கிற யுரேனியத்துக்கு வர வேண்டிய கதிரைவிட சில மடங்கு அதிகமா வருது. சால்கோலைட்னு இன்னொரு கனிமத்துலயும் இதே கதை. அவர் என்ன பண்ணார்னா, சுத்தமான யுரேனியத்தை வச்சு சால்கோலைட்டை லேப்லயே தயாரிச்சு அளந்தார். அதுல அந்த அதிகப்படி கதிர் இல்லை. அப்போ இயற்கையான கல்லுக்குள்ள யுரேனியம் இல்லாத வேற ஏதோ ஒண்ணு ஒளிஞ்சிருக்கு! அந்தத் தேடல்தான் 1898-ல் பொலோனியத்துலயும் ரேடியத்துலயும் போய் முடிஞ்சுது.

இதை நான் பெரிசா எழுதக் காரணம் இருக்கு. நோபல் பரிசு வாங்கின கதைன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா அதுக்குள்ள ஒரு எச்சரிக்கை இருக்கு. கதிரை அளக்கறதும் யுரேனியத்தை அளக்கறதும் ஒண்ணு இல்லை. கல்லுக்கு முன்னாடி மெஷின் டிக் டிக்குன்னு அடிச்சா, அது யாரோட சத்தம்னு முதல்ல கேக்கணும்.

டிக் டிக் மெஷின் சொல்றது யார் கதை?

யுரேனியம் சிதைஞ்சா உடனே ஈயமா ஆயிடாது. நடுவுல பெரிய பரம்பரையே இருக்கு. யுரேனியம், தோரியம், மறுபடி யுரேனியத்தோட இன்னொரு வடிவம், மறுபடி தோரியத்தோட இன்னொரு வடிவம், அப்புறம் ரேடியம், ரேடான் வாயு, பிஸ்மத்துன்னு போகும். வயல்காட்டுல கருவியைத் தூக்கிட்டு நடக்கிற ஜியாலஜிஸ்ட் பிடிக்கிற காமா கதிர் பெரும்பாலும் இந்தப் பரம்பரையோட கடைக்குட்டிகளான ஈயம்-214, பிஸ்மத்-214 கிட்ட இருந்து வருது. யுரேனியம் தாத்தா கிட்ட இருந்து வர்றது ரொம்பக் கம்மி.

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, முதல் சர்வர்ல எத்தனை ரிக்வெஸ்ட் வந்துச்சுன்னு தெரிஞ்சுக்க, பத்தாவது சர்வரோட லாக்கை எண்ணுற மாதிரி. நடுவுல எதுவும் தொலையலைன்னா கணக்கு சரியா வரும். நடுவுல ஒரு இடத்துல லீக் ஆனா? போச்சு.

சுண்ணாம்புப் பாறையில அந்த லீக் நடக்க வாய்ப்பு ஜாஸ்தி. மேல சொன்ன குணம்தான் காரணம். நிலத்தடித் தண்ணியில கார்பனேட் இருந்தா யுரேனியம் கரைஞ்சு கிளம்பிடும். ரேடியம் அங்கேயே தங்கிடும். மெஷின் "ஆஹா, நிறைய இருக்கு"ன்னு அடிக்கும், உள்ள யுரேனியம் இருக்காது. ரேடியத்தோட அரை ஆயுள் 1,600 வருஷம். ஆக, யுரேனியம் ஊரைவிட்டுப் போய் பல நூறு வருஷம் கழிச்சும் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கும். மாறா, புதுசா யுரேனியம் வந்து படிஞ்ச கல்லுல பரம்பரை இன்னும் வளர்ந்திருக்காது. மெஷின் கம்மியா காட்டும்.

அதனாலதான் கதிர் எண்ணி எடுத்த எண்ணுக்கு முன்னாடி, ஆய்வு அறிக்கைகள்ல ஒரு குட்டி "ஈ" எழுத்து போடுறது வழக்கம். "ஈக்விவலன்ட்", அதாவது சமானம்னு அர்த்தம். பரம்பரையில யாரும் காணாம போகலைன்னா இவ்வளவு யுரேனியத்துக்குச் சமம்னு பொருள். அந்தக் குட்டி எழுத்தைப் படிக்காம எண்ணை மட்டும் தூக்கிட்டு வந்தா வம்புதான்.

கருவிகளும் சும்மா இல்லை, நல்லாவே வளர்ந்துச்சு. 1928-ல் கைகர்-முல்லர் கருவி வந்துச்சு. அது எண்ணிக்கை மட்டும் சொல்லும். 1948-ல் ஹாஃப்ஸ்டாடர் தாலியம் கலந்த சோடியம் அயோடைடு படிகத்தை வச்சு சிண்டிலேட்டர் பண்ணினார். அது கதிரோட சக்தியையும் சொல்லும். அப்பத்தான் இது யுரேனியம் பரம்பரை, இது தோரியம் பரம்பரை, இது வெறும் பொட்டாசியம்னு தனித்தனியா பிரிக்க முடிஞ்சுது. மணவாளக்குறிச்சி கடற்கரை மாதிரி தோரியம் குவிஞ்சு கிடக்கிற ஊர் இருக்கிற நாட்டுக்கு இது எவ்வளவு முக்கியம்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு சின்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பரம்பரையில நடுவுல ரேடான் ஒரு வாயுன்னு சொன்னேன் இல்லையா? கல்லைப் பொடி பண்ணினா அது பறந்துடும். அதுக்கப்புறம் வர்ற பிள்ளைங்களும் காலி. அதனால பொடியை ஒரு டப்பாவுல போட்டுக் காத்துப் புகாம மூடி, மூணு நாலு வாரம் அப்படியே வச்சுடுவாங்க. ரேடானோட அரை ஆயுள் 3.8 நாள். ஒரு மாசத்துல மறுபடி உள்ள நிறைஞ்சு சமநிலைக்கு வந்துடும். அப்புறம்தான் அளப்பாங்க. ஊறுகாய் போடற மாதிரி கல்லை ஊற வச்சு அளக்கறாங்க.

இதே கோளாறைக் கடிகாரமா மாத்தின கில்லாடிகளும் இருக்காங்க. மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பவளக்கல் பார்த்திருப்பீங்க. பவளம் வளரும்போது கடல் தண்ணியில இருக்கிற யுரேனியத்தை உள்ள வாங்கிக்கும். தோரியம் தண்ணியில கரையாததால அது உள்ள போறதே இல்லைன்னு சொல்லலாம். பவளம் செத்த பிறகு உள்ள தோரியம் இருந்தா, அது யுரேனியம் பெத்துப் போட்டதுதான். ரெண்டையும் அளந்து வயசைச் சொல்லிடலாம். 1950-களில் ஆரம்பிச்ச இந்த முறை இன்னைக்குப் பவளத்துக்கும் குகைக்குள்ள தொங்குற சுண்ணாம்பு விழுதுக்கும் சில லட்சம் வருஷம் வரைக்கும் வயசு சொல்லுது. ஆனா அந்தக் கல்லுக்குள்ள யுரேனியம் வரவும் இல்லை, போகவும் இல்லைன்னு நிரூபிச்சாத்தான் அந்த வயசு செல்லும்.

கரைச்சுப் பாக்குற வழி

சரி, பிள்ளைங்களை எண்ணாம தாத்தாவையே நேர்ல பாக்க என்ன வழி? கல்லைக் கரைக்கணும்.

1926-ல் நிக்கல்ஸ், ஸ்லாட்டரின்னு ரெண்டு அமெரிக்கர்கள் ஒண்ணு கண்டுபிடிச்சாங்க. சோடியம் ஃப்ளோரைடை உருக்கி அதுல துளியூண்டு யுரேனியம் இருந்தாக்கூட, அல்ட்ரா வயலட் வெளிச்சத்துல மஞ்சப் பச்சையா மின்னுது. பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர்களுக்கு இது சட்டுனு புரியும். லைட் பாக்ஸ்ல யூவி லைட்டைப் போட்டா, வொயிட்டனர் போட்ட துணி பளீர்னு நீலமா அடிக்கும், போடாத துணி சும்மா கிடக்கும் இல்லையா? அதே வித்தைதான். எவ்வளவு பளீர்னு அடிக்குதோ அவ்வளவு சரக்கு உள்ள இருக்கு.

உலகம் முழுக்க யுரேனியம் லேப்கள்ல பல பத்து வருஷம் இதுதான் நடைமுறை. கல்லைப் பொடி பண்ணி அமிலத்துல கரைப்பாங்க. சுண்ணாம்புக் கல்லா இருந்தா பொங்கி வழியும், அதனால கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஊத்தணும். அந்தக் கரைசல்ல அலுமினியம் நைட்ரேட்டும் எத்தில் அசிடேட்டும் சேர்த்துக் குலுக்கினா யுரேனியம் மேல் அடுக்குக்குத் தாவிடும். கால்சியமும் இரும்பும் கீழேயே நின்னுடும். மேல் அடுக்கை வத்த வச்சு, சோடியம் ஃப்ளோரைடும் கார்பனேட் உப்பும் கலந்த பொடியோட பிளாட்டினத் தட்டுல உருக்கி, வில்லை மாதிரி ஆக்கி, யூவி லைட்டுல பாப்பாங்க. இங்கயும் சோடா வந்துட்டுதா? விட மாட்டேங்குதே!

இதுலயும் வில்லன் உண்டு. இரும்பும் மாங்கனீஸும். ரெண்டும் அந்த ஒளியை அமுக்கிடும். பிரிக்கிற வேலையில கொஞ்சம் அசந்தா, இருக்கிறதைவிடக் கம்மியாத்தான் ரிசல்ட் வரும்.

1970-களின் கடைசியில கனடாக்காரங்க லேசரைக் கொண்டுவந்தாங்க. லேசர் துடிப்பு ஒண்ணு அடிச்சா, தண்ணியில இருக்கிற மக்கின குப்பையும் ஒளிரும், யுரேனியமும் ஒளிரும். ஆனா குப்பையோட ஒளி கண் இமைக்கிறதுக்குள்ள செத்துடும், யுரேனியத்தோட ஒளி மைக்ரோ செகண்ட் கணக்குல நிக்கும். கொஞ்சம் பொறுத்திருந்து அப்புறம் கதவைத் திறந்து பார்த்தா யுரேனியம் மட்டும் நிக்கும். இந்தூர்ல இருக்கிற நம்ம அணுசக்தித் துறையோட லேசர் ஆய்வு மையமும் இந்த மாதிரிக் கருவியை உள்நாட்டுலயே உருவாக்குச்சு. அப்புறம் லேசருக்குப் பதிலா எல்.ஈ.டி. வச்ச கருவியும் வந்துச்சு. இன்னைக்குப் பெரிய லேப்கள்ல ஐ.சி.பி. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல நேரா யுரேனியம் அணுக்களையே எடை பார்த்து எண்ணிடறாங்க. சுண்ணாம்புக் கல்லுன்னா கால்சியம் கருவியை அடைச்சுடும், அதனால நல்லா தண்ணி கலந்து நீர்க்க வச்சுத்தான் குடுக்கணும்.

கருவி எவ்வளவு பெரிசா இருந்தாலும் முதல் படி ஒண்ணுதான். கல்லு முழுசா கரைஞ்சுதா? நம்ம தமிழ்நாட்டுலயே இதுக்கு நல்ல உதாரணம் இருக்கு. திருப்பத்தூர் பக்கத்துல செவ்வாத்தூர். (திருப்பூர் இல்லைங்க, திருப்பத்தூர். கொரியர்க்காரங்க குழப்பிக்கிற அதே ஊர்.) அங்க கார்பனடைட்னு ஒரு பாறை. கடல்ல படிஞ்சது இல்லை, சுமார் 80 கோடி வருஷத்துக்கு முன்னாடி பூமிக்கடியில இருந்து குழம்பா வந்த கார்பனேட். அதுக்குள்ள பைரோகுளோர்னு ஒரு கனிமம். யுரேனியம் அதுக்குள்ளதான் குடியிருக்கு. நைட்ரிக் அமிலம் ஊத்தினா சுண்ணாம்பு எல்லாம் நுரைச்சுக் கரைஞ்சுடும். ஆனா பைரோகுளோர் லேசுல கரையாது. அடியில தங்கின கசடை வடிகட்டித் தூக்கிப் போட்டா, யுரேனியத்தையும் சேத்துத்தான் போட்டோம். அதை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்துலயோ உருக்கு உப்புலயோ போட்டு உடைக்கணும். ஒரே "கார்பனேட் பாறை"ங்கிற பேர்தான், யுரேனியம் எந்த வீட்டுல குடியிருக்குங்கிறதைப் பொறுத்து அளக்குற முறையே மாறிடுது.

தும்மலப்பள்ளி: தெரிஞ்சும் எடுக்க முடியாத சரக்கு

சுதந்திரத்துக்கு அடுத்த வருஷம், 1948-ல் அணுசக்தி ஆணையம் வந்துச்சு. 1949-ல் புவியியலாளர் டி.என். வாடியா தலைமையில அரிய கனிமங்கள் தேடுறதுக்குன்னு ஒரு பிரிவு. இன்னைக்கு அணுக் கனிமங்கள் இயக்ககம்னு சொல்றோமே, அதோட ஆரம்பம் அதுதான். 1951-ல் இன்றைய ஜார்கண்ட்ல ஜாதுகுடா கிடைச்சுது. 1967-ல் யுரேனியம் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா, சுருக்கமா யு.சி.ஐ.எல்., தொடங்குச்சு. ஜாதுகுடா பாறை சிலிக்கா வகை. கந்தக அமிலம் ஊத்திக் கரைச்சாங்க, வேலை முடிஞ்சுது.

1980-களில் கடப்பாப் படுகையில வேம்பள்ளி டோலமைட் பாறையில கதிர் அதிகமா இருக்கிறதை இயக்ககத்தோட ஆளுங்க கண்டுபிடிச்சாங்க. 170 கோடி வருஷத்துக்கும் மேல பழசான கடல். நுண்ணுயிர்கள் பாய் பாயா படர்ந்து அடுக்கு அடுக்கா கட்டின ஸ்ட்ரோமட்டோலைட் தடம் அந்தப் பாறையில இன்னும் இருக்கு. அந்தச் சேத்துல பாஸ்பேட்டும் பைரைட்டும் ஆக்ஸிஜன் இல்லாத சூழலும் இருந்ததால, கரைஞ்சு வந்த யுரேனியம் ரெண்டாவது முகத்தைக் காட்டி அங்கேயே படிஞ்சுடுச்சு. பாறை அடுக்கோட அடுக்கா, சுமார் 160 கிலோமீட்டர் நீளத்துக்கு விட்டு விட்டுத் தெரியுது.

அளவு எவ்வளவுன்னு கேட்டீங்கன்னா, சுமார் 0.04 சதவீதம். டன்னுக்கு அரைக்கிலோகூட இல்லை. சாதாரணச் சுண்ணாம்புக்கல்லைவிட நூறு மடங்குக்கு மேல. ஆனா கனடாவோட பணக்காரச் சுரங்கங்களுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லை.

ஆக, இருக்குன்னு தெரியும், எவ்வளவுன்னும் தெரியும். ஆனாலும் இருபது வருஷத்துக்கு மேல சும்மா கிடந்துச்சு. ஏன்? ஒரு டன் சுத்தமான டோலமைட்டைக் கரைக்க ஒரு டன்னுக்கு மேல கந்தக அமிலம் வேணும். பிளஸ் டூ கெமிஸ்ட்ரி கணக்குதான், போட்டுப் பாருங்க. அரைக்கிலோவுக்கும் குறைவான சரக்குக்காக ஒரு டன் அமிலத்தை நுரைக்கு வார்க்கறதா?

இங்கதான் சோடா வருது. கார்பனேட்டும் யுரேனியமும் கைகோத்துக்கும்னு சொன்னேனே, அந்த உறவையே கருவியாக்கிட்டாங்க. கல்லை நைஸா அரைச்சு, சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் கலந்த தண்ணியில போட்டு, மூடின கலத்துல நூறு டிகிரிக்கு மேல சூடு, அழுத்தம், கூடவே ஆக்ஸிஜன். பாலியஸ்டருக்குச் சாயம் போடற ஹெச்.டி. மெஷின் ஞாபகம் வருதா? டோலமைட் அப்படியே கல்லா நிக்குது. யுரேனியம் மட்டும் சோடாவோட கிளம்பி வந்துடுது. கல்லுல இருக்கிற பைரைட் ஆக்ஸிஜனோட சேர்ந்து சோடாவைத் தின்னுட்டு சோடியம் சல்பேட்டா மாறுது. கிளாபர் சால்ட் வந்த வழி இதுதான்.

2007-ல் அடிக்கல், 2012-ல் ஆலை ஓட ஆரம்பிச்சுது. காரத்துல கரைச்சு யுரேனியம் எடுக்கிற இந்தியாவோட முதல் ஆலை. நடுவுல 2011-ல், உறுதியான இருப்பு 49,000 டன்னுக்குப் பக்கம், இன்னும் மூணு மடங்கு வரைக்கும் போகலாம்னு அணுசக்தித் துறை சொன்னப்ப "உலகத்துலயே பெரிசு"ன்னு பத்திரிகைகள்ல அமர்க்களம். மொத்தம் எத்தனை டன்னுங்கிற எண் தலைப்புச் செய்தியா வந்துச்சு. ஒரு டன் கல்லுல எத்தனை கிராம்ங்கிற எண் உள்பக்கத்துல எங்கயோ. ரெண்டையும் சேர்த்துப் படிச்சாத்தான் முழுக் கதை.

மிச்சம் எங்கே போகுது?

ஒரு டன் கல்லுல யுரேனியம் போக மீதி 999 கிலோவுக்கு மேல கழிவுக் குளத்துக்குத்தான் போகணும். ரேடியமும் அந்தச் சேத்தோடதான் போகும். அங்க கழிவுக் குளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரங்க, கிணத்துத் தண்ணி கெட்டுப் போச்சு, வாழைத் தோட்டம் பாழாச்சுன்னு புகார் சொன்னாங்க. 2018-ல் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நோட்டீஸ் விட்டுச்சு. எங்க குளத்துல இருந்து கசிவு இல்லைங்கிறது நிறுவனத்தோட பதில்.

யார் சொல்றது சரின்னு தீர்ப்பு சொல்ல நான் வரலை. ஆனா அளக்கறவன் கண்ணோட்டத்துல இந்தச் சண்டையைப் பாருங்க. அந்த ஊர்ப் பாறையிலேயே இயற்கையா யுரேனியம் இருக்கு. கார்பனேட் தண்ணி அதை எப்பவுமே கரைக்கும். ஆலை வந்த பிறகு ஒரு கிணத்துல எடுத்த எண் எவ்வளவு பெரிசா இருந்தாலும், "அது முன்னாடியே இருந்திருக்கும்"னு ஒரு வரியில தள்ளிடலாம். ஆலை வர்றதுக்கு முன்னாடி, அதே கிணத்துல, அதே மாசத்துல, அதே முறையில அளந்து விவசாயி கையில குடுத்த ஒரு தாள் இருந்தா மட்டும்தான் அந்த வரி செல்லாது. யுரேனியத்தோட சேர்த்து சோடியத்தையும் சல்பேட்டையும் அளக்கணும். ஆலைத் தண்ணியா இருந்தா இந்த ரெண்டும் கூடவே வரும், சும்மா பாறைத் தண்ணியா இருந்தா அந்தக் கூட்டணி வேற மாதிரி இருக்கும்.

இது நமக்குப் புதுசா? நொய்யல் கதை வேற என்னவாம்? 1992-ல் பாசனத்துக்குன்னு கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவு தேங்குற குட்டையா ஆச்சு. கீழ இருந்த விவசாயிகள் வருஷக் கணக்கா கோர்ட்டுக்கு நடந்தாங்க. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்பத்தான் ஊரே அதிர்ந்துச்சு. அப்புறம் ஆர்.ஓ., எவாபரேட்டர்னு போட்டு உப்பைத் திரும்ப எடுக்க ஆரம்பிச்சோம். அந்த வழக்குகள்ல விவசாயிக்கு நாக்குல உப்புக் கரிச்சது மட்டும் போதலை. டி.டி.எஸ். எண் தேவைப்பட்டுச்சு. "என் அப்பா காலத்துல இந்தக் கிணத்துத் தண்ணி இனிச்சுதுங்க"ன்னு சொன்னது மனசைத் தொடும், ஆனா கோர்ட்ல நிக்கிறது கஷ்டம்.

இப்ப நம்ம போர்வெல்லுக்கு வரேன். நம்ம பக்கம் அடியில கருங்கல் வகைப் பாறை, மேல சுக்கான். கருங்கல்லுல டன்னுக்குச் சில கிராம் யுரேனியம் இருக்கிறது உலகம் முழுக்கச் சகஜம். தண்ணியில பைகார்பனேட்டும் கால்சியமும் இருந்தா அது கரைஞ்சு நிக்கும். 2018-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, ராஜஸ்தான், குஜராத் உட்பட 16 மாநிலங்கள்ல நிலத்தடி நீர்ல உலக சுகாதார நிறுவனத்தோட அளவைத் தாண்டி யுரேனியம் காணப்படுறதை எடுத்துக் காட்டுச்சு. அந்த அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். 2021-ல் நம்ம இந்தியத் தர நிர்ணயமும் குடிநீருக்கு அதே அளவைச் சேர்த்துச்சு. இங்க பயம் கதிரைவிட சிறுநீரகம்தான். யுரேனியம் ஒரு கன உலோகம், கெமிஸ்ட்ரியாவே கெடுதல் செய்யும்.

இங்க ஒரு திருப்பூர் ஸ்பெஷல் சிக்கல். தண்ணியில குளோரைடு அதிகமா இருந்தா, அந்த ஃப்ளோரிமீட்டர் கருவி பாக்குற மஞ்சப் பச்சை ஒளியை அது அமுக்கும். உப்புத் தண்ணியை அப்படியே ஊத்தி அளந்தா எண் கம்மியா வந்து "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு சொல்லிடும். அதுக்கு வழி இருக்கு. தண்ணியை நீர்க்க வைக்கணும். தெரிஞ்ச அளவு யுரேனியத்தை அதே தண்ணியில சேர்த்து எவ்வளவு ஏறுதுன்னு பார்த்து, அதுல இருந்து கணக்குப் போடணும். லேப் டிப் எடுக்கறப்ப நம்ம ஊர்த் தண்ணியிலயே ஷேடு பார்க்கச் சொல்வாங்களே, அதே நியாயம்தான்.

அதனால யாராவது ஒரு எண்ணை நீட்டினா, பாறையோ தண்ணியோ, நாலு கேள்வி கேட்டுப் பழகுங்க. எண்ணினதா, கரைச்சுப் பார்த்ததா? முழுசா கரைஞ்சுதா? ஒளியை அமுக்கற சரக்கு உள்ள இருந்துச்சா? இதுக்கு முன்னாடி எப்ப அளந்தீங்க, அந்தத் தாள் எங்கே?

மேரி கியூரிக்கு ஒரு எண் இடிச்சப்ப அதை விடாம பிடிச்சுக்கிட்டுக் கேட்டதுல ரேடியம் கிடைச்சுது. நமக்கு ரேடியம் எல்லாம் வேண்டாம். அடுத்த தடவை போர் போடறப்ப, தண்ணி வந்த முதல் வாரத்துலயே ஒரு பாட்டில் எடுத்து லேப்ல குடுத்து, யுரேனியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி, தேதி போட்ட ரிப்போர்ட்டை நிலப் பத்திரத்தோட பீரோவுல வச்சுடுங்க. பத்திரம் நிலம் யாருதுன்னு சொல்லும். அந்த நிலத்துத் தண்ணி எப்படி இருந்துச்சுன்னு சொல்ல அந்த ஒரு தாள்தான் இருக்கும்.